திரைக் காரும் திருமலைப் பாதையும்

கணிப்பொறித் திரையில் ஓடும் காரைக் கண்டு, “அசல் காரைப் போலவே இருக்கிறதே!” என்று வியவாதார் இன்று அரியர். வர்ணப் பூச்சின் பளபளப்பு, முன்கண்ணாடியில் தெறிக்கும் மழைத்துளி, பின்னே எழும் புழுதி ஆகிய யாவும் கண்ணை ஏமாற்றும் அளவுக்குத் திருந்திவிட்டன. ஆயினும் பல ஆண்டுகள் வண்டி ஓட்டிப் பழகிய டிரைவர் ஒருவரை அத்திரைக்கு முன் உட்கார வைத்தால், அரை நிமிடத்தில் உதட்டைப் பிதுக்கிவிடுகிறார். “வண்டிக்குக் கனமே இல்லையே!” என்பது அவர் தீர்ப்பு. கண்ணுக்கு மெய்யாய்த் தோன்றுவது கைக்குப் பொய்யாய்ப் படுவது ஏன்? வெறும் சித்திரத்துக்குக் கனத்தை ஊட்டுவது எங்ஙனம்? இவற்றையே ஈண்டு ஆராய விரும்புகிறோம்.

ஆராய்ச்சிக்கு உரைகல் ஒன்று வேண்டும். விளையாட்டுக்களை ஆக்குவோர் பெரும்பாலும் பந்தயப் பாதைகளையே எடுத்துக்கொள்வர். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையிலும் அத்தகைய பாதை ஒன்று உண்டு. அது சமதளம்; அதில் ஓடுவது பந்தயக் கார். குடும்பத்தோடு காரில் செல்லும் சாமானியர்க்கு அதனால் விளங்குவது சொற்பம். ஆதலின் நாம் திருமலைப் பாதையைத் தேர்ந்துகொள்கிறோம். வெளி மாநிலங்களில் வாழும் தமிழர், விடுமுறையில் ஊர் திரும்பும்போது ஒரு முறையேனும் மலைக்குப் போய் வருவது வழக்கம். சென்னையிலிருந்து திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகவும், வேலூரிலிருந்து சித்தூர் வழியாகவும் சென்றவர்க்கு அந்தப் பிரதேசம் புதிதன்று. சித்தூர் ஜில்லா 1953-ஆம் ஆண்டு ஆந்திர ராஜ்யத்தில் சேர்ந்தது. 1960-இல் திருத்தணி வட்டாரம் சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பிற்று. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கற்கள் இடம் மாறினும், நகரிப் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் தமிழ் ஒலிப்பது இன்னும் நின்றபாடில்லை.

முன்னாளில் மலைக்கு ஏறுவோர் அலிபிரியிலிருந்து படி வழியே நடந்தனர். முடியாதார் டோலியில் சென்றனர். முழங்கால் முறிச்சான் என்று நம் முன்னோர் பெயரிட்ட செங்குத்தான படிகளே அவ்வழியின் கடினத்தைச் சொல்லும். பொறியியல் மேதை விசுவேசுவரய்யாவின் திட்டத்தைத் தழுவி அமைந்த முதல் மோட்டார்ப் பாதையை, சென்னை மாகாண கவர்னராயிருந்த ஸர் ஆர்தர் ஹோப் 1944 ஏப்ரலில் திறந்துவைத்தார். இரண்டாவது பாதை 1970-களில் உண்டாயிற்று. ஏறுவதற்குப் புதிய பாதை, இறங்குவதற்குப் பழைய பாதை என்பது ஏற்பாடு. பழைய பாதையின் நீளம் ஏறத்தாழ 19 கிலோமீட்டர். அதில் கொண்டை ஊசி வளைவுகள் 36 என்பர். மலையுச்சிக்கும் அடிவாரத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் ஏறக்குறைய 700 மீட்டர். வேகத்தால் நேரும் விபத்துகளைத் தடுக்கும் பொருட்டுத் தேவஸ்தானம் ஒரு விசித்திரமான விதி வகுத்தது. ஏறுவோர் 28 நிமிடத்துக்கும், இறங்குவோர் 40 நிமிடத்துக்கும் முன்னதாகப் போய்ச் சேரலாகாது, சேர்ந்தால் அபராதம். கணக்கிட்டுப் பார்த்தால், இறங்குவோரின் சராசரி வேகம் மணிக்கு 28 கிலோமீட்டர் சொச்சத்தைத் தாண்டக் கூடாது என்று ஆகிறது. இந்த எண்ணை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இது காகிதத்தில் பிறந்த எண் அன்று என்பது பின்னர் விளங்கும்.

முதலில் கனத்தைப் பற்றிப் பேசுவோம். ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு கார் தரையைத் தொடுவது நான்கு இடங்களில் மட்டுமே. ஒவ்வோரிடமும் நம் உள்ளங்கை அளவினது. வண்டி செய்யும் காரியம் அனைத்தும், அதாவது ஓடுவது, நிற்பது, திரும்புவது யாவும், இந்த நான்கு உள்ளங்கைகளின் வழியாகவே நடைபெற வேண்டும். இவற்றின் மீது கனம் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பது கணந்தோறும் மாறும். பிரேக்கை மிதித்தால் வண்டி முன்னே குனிகிறதன்றோ? அந்தக் குனிவுதான் கனத்தின் இடமாற்றம். சமதரையில் நிற்கும்போது முன் சக்கரங்கள் 600 கிலோவும் பின் சக்கரங்கள் 400 கிலோவும் தாங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் கனமையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்திலும், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 2.4 மீட்டராகவும் இருக்கட்டும். சற்று அழுத்தமாக, புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஆறு பங்கு அளவுக்குப் பிரேக் பிடித்தால், ஏறக்குறைய 137 கிலோ பின்னாலிருந்து முன்னால் போய்விடும். முன்னே 737, பின்னே 263. பின் சக்கரங்கள் தரையை இலேசாகத் தடவிக்கொண்டு வருகின்றன என்றே சொல்ல வேண்டும். அந்த வேளையில் ஸ்டியரிங்கையும் வெடுக்கெனத் திருப்பினால் வால் வீசுவதில் வியப்பென்ன?

பழைய விளையாட்டுக்களில் இந்தக் கணக்கு அறவே இல்லை. கார் என்பது பாதையின் மேல் ஒட்டி இழுக்கப்படும் ஒரு வில்லையாகவே இருந்தது. திருப்பு என்றால் திரும்பும், நில் என்றால் நிற்கும். பின்னர் வந்தவர்கள் கணக்கைச் சேர்த்தார்கள்; ஆனால் அதன் விளைவு உடனுக்குடன் தோன்றுமாறு செய்துவிட்டார்கள். இதுவும் பிழையே. மெய்யான வண்டியில் சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவே வில்லும் ஷாக் அப்சார்பரும் இருக்கின்றன. ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகு உடல் மெல்லச் சாய்ந்து, ஒரு கண நேரம் தயங்கி, அதன் பின்னரே வெளிப்பக்கச் சக்கரங்களின் மேல் உட்காருகிறது. இந்தத் தாமதத்தையே நம் கை ‘கனம்’ என்று உணர்கிறது. ஐந்து பேரும், கூரை மேல் மூட்டைகளும், பின்புறம் பிரசாதக் கூடையுமாக இறங்கும் வண்டியில் இத்தாமதம் இன்னும் நீளும். பயணிகள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஒரே மாதிரி திரும்பும் திரைக் கார் எத்தனை பளபளத்தாலும் பொம்மையே.

அடுத்தது டயர். கையாளும் குணத்தில் பாதிக்கு மேல் டயரின் குணம் என்பது நம் துணிபு. சித்தூர்ச் சீமைக்கும் டயருக்கும் இப்போது நேரடியான உறவும் ஏற்பட்டிருக்கிறது. சத்தியவேடு அருகே சின்னபாண்டூரில் அப்பல்லோ டயர்த் தொழிற்சாலை 2020-ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கிற்று. டயர் சாலையை இறுகப் பற்றிக்கொண்டு உருள்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. சிறிதே வழுக்கினால்தான் டயர் பற்றும்! சக்கரம் நோக்கும் திசைக்கும் அது மெய்யாகச் செல்லும் திசைக்கும் ஒரு சிறு கோணம் இருக்கும். அக்கோணம் வளர வளரப் பக்கவாட்டுப் பிடிப்பும் வளர்கிறது. சாதாரண டயரில் சுமார் 6 முதல் 10 பாகை வரை இப்படி ஏறிச் சென்று உச்சத்தை அடைகிறது. அதன் பின் பிடிப்பு இறங்கத் தொடங்குகிறது. ஏற்றம், உச்சி, இறக்கம் என்னும் இந்த வளைகோட்டை ஒரு சூத்திரத்தில் அடக்கிக் காட்டியவர் ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் சர்வகலாசாலைப் பேராசிரியர் ஹான்ஸ் பாசெய்க்கா. 1987-ஆம் ஆண்டில் அவரும் அவர் கூட்டாளிகளும் வெளியிட்ட அதனை ‘மாயச் சூத்திரம்’ என்றே பொறியாளர் அழைக்கின்றனர். மாயம் என்றது ஏனெனில், டயர் ஏன் அவ்வாறு நடக்கிறது என்று அது விளக்குவதில்லை. எவ்வாறு நடக்கும் என்று மட்டும் வெகு துல்லியமாகச் சொல்லிவிடுகிறது. கார் ஓட்டும் விளையாட்டுக்கள் பலவற்றின் உள்ளே இன்று இச்சூத்திரமோ, இதன் வழிவந்த வேறொன்றோ ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது.

டயரின் பிடிப்பு ஒரு ரூபாய் போன்றது. அதைப் பிரேக்குக்கும் செலவிடலாம், திருப்பத்துக்கும் செலவிடலாம். ஆனால் இரண்டுக்கும் முழு ரூபாய் கிடையாது. பிரேக்குக்கு 80 காசு கொடுத்தவனிடம் திருப்பத்துக்கு 60 காசு மிஞ்சும். எண்பதும் அறுபதும் நூற்றுக்கு மேற்படுகிறதே என்று ஐயுற வேண்டா. இரு விசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவையாதலால் பிதாகோரஸ் கணக்குப்படியே இங்கே கூட்ட வேண்டும். முழு ரூபாயையும் பிரேக்குக்கே கொடுத்துவிட்டால் திருப்பத்துக்குச் செல்லாக் காசுகூட இல்லை. வண்டி நேரே போகும். எதிரே மலைச்சுவரோ பள்ளமோ, அதைப் பொறுத்தது அவன் தலையெழுத்து.

இனி அந்த 28-ஐக் கவனிப்போம். ஒரு கொண்டை ஊசி வளைவின் ஆரம் 15 மீட்டர் என்று கொள்வோம். உலர்ந்த சாலையில் டயரின் பிடிப்பு எண் 0.7 என்றால், மணிக்கு 36 கிலோமீட்டருக்கு மேல் அவ்வளைவில் திரும்ப இயலாது. மழை பெய்து, பிடிப்பு எண் 0.4 ஆகக் குறைந்தால் எல்லை 28-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. தேவஸ்தானத்தார் இந்தச் சூத்திரத்தை வைத்துத்தான் 40 நிமிடம் என்று விதித்தார்கள் என நாம் சொல்ல வரவில்லை. இயற்கை விதியும் அலுவலக விதியும் இத்தனை நெருங்கி வருவது அபூர்வம் என்பதைச் சுட்டிக்காட்டுகிறோம், அவ்வளவே.

பிடிப்பு தீர்ந்துபோவதில் இரு வகை உண்டு. முன் சக்கரம் முதலில் தோற்றால், ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி வளைவின் வெளிப்புறம் நோக்கிப் போகும். பின் சக்கரம் முதலில் தோற்றால் வால் வீசி வண்டி சுழலும். ஆங்கிலத்தில் இவற்றுக்குக் கைக்கடக்கமான இரண்டு சொற்கள் இருக்கின்றன. தமிழில் ‘குறைதிருப்பம்’, ‘மிகைதிருப்பம்’ என்று ஆக்கிக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பாளர் சபையில் அவை நிறைவேறியும் விடும். ஆயினும் நம் லாரி டிரைவர்கள் ‘மூஞ்சி இழுக்குது’ என்றும் ‘வால் அடிக்குது’ என்றும் சொல்லும்போது எது தோற்றது என்பது சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது. கலைச்சொல் சமைப்போர் கவனிக்கத்தக்கது.

குடும்பக் கார்களைச் செய்வோர் வேண்டுமென்றே முன் சக்கரம் முதலில் தோற்கும்படி அமைக்கின்றனர். அஞ்சியவன் இயல்பாகச் செய்வது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது. அப்படி எடுத்தால் வேகம் தணியும், கனம் முன்னே வரும், முன் டயர் மீண்டும் பற்றும். விளையாட்டு ஆக்குவோரோ, காண்பதற்கு விறுவிறுப்பாயிருக்கும் என்று எந்தக் காரையும் வால் வீசச் செய்துவிடுகின்றனர். சினிமாவில் அது இருக்கட்டும். அதைப் பார்த்து, நம் வீட்டுக் காரும் இவ்வாறே நடக்கும் என்று ஒரு பிள்ளை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லதன்று.

கணக்கு சரியாயிருந்தும் கைக்கு எட்டாவிட்டால் பயன் இல்லை. வளைவில் செல்லும்போது ஸ்டியரிங் சக்கரம் தானாகவே நேர்நிலைக்குத் திரும்ப முயல்வதை ஓட்டுநர் அறிவர். டயர் தன் பிடிப்பின் உச்சியை நெருங்கும்போது இந்த எதிர்ப்பு தளர்ந்து, ஸ்டியரிங் திடீரென இலேசாகிவிடும். பிடிப்பு அறுவதற்குச் சற்று முன்னரே வருகிற எச்சரிக்கை இது. இறைவன் கொடுத்த மணி என்றே கூறலாம். 1989-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அடாரி நிறுவனம் வெளியிட்ட ‘ஹார்ட் டிரைவிங்’ என்ற விளையாட்டுப் பொறியில் கிளட்ச், கியர்களோடு, மோட்டார் கொண்டு எதிர்த்துத் தள்ளும் ஸ்டியரிங் சக்கரமும் இருந்தது. வண்டி இயக்க விஞ்ஞானத்தில் தேர்ந்த டக் மில்லிக்கன் அதற்கு ஆலோசனை கூறினார். அதற்கும் முன்னோடி ஆகாய விமானப் பயிற்சிப் பொறி. எட்வின் லிங்க் என்பவர் 1920-களின் இறுதியில் அதை அமைத்தபோது, விமானியின் பெட்டியைச் சாய்க்கவும் குலுக்கவும் பயன்பட்டவை அவர் தந்தையாரின் ஆர்கன் வாத்தியத் தொழிற்சாலையில் இருந்த துருத்திகளே! வாத்தியத்துக்கு மூச்சுக் கொடுத்த துருத்தி விமானிக்கு வித்தை கற்பித்தது.

கைப்பேசியைச் சாய்த்து ஓட்டுவோர்க்கு இவ்வெச்சரிக்கை கிடைப்பதில்லை. ஆதலின் நல்ல விளையாட்டு அதைக் காதின் வழியாகச் சொல்ல முயலும். டயரின் கீச்சொலி மெல்ல எழுந்து, உச்சி நெருங்க நெருங்க உயர்ந்து, உச்சி கடந்ததும் கரகரப்பாக மாறும். எந்தத் திருப்பத்திலும் ஒரே மாதிரி அலறும் ஒலி வெறும் அலங்காரம். தாமதமும் ஒரு பகை. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 10 மீட்டர் நகர்கிறது. கை திருப்பியதற்கும் திரை காட்டுவதற்கும் இடையே பத்தில் ஒரு நொடி போனால் ஒரு மீட்டர் போய்விட்டது. குறுகிய மலைச்சாலையில் ஒரு மீட்டர் என்பது தடுப்புச் சுவருக்கு இப்புறமா அப்புறமா என்ற வித்தியாசம். இதனால்தான் திரைச் சித்திரம் நொடிக்கு 60 முறை மாறினாலும், உள்ளே டயர்க் கணக்கு நொடிக்குச் சில நூறு முறை நடைபெறுகிறது.

இதுகாறும் சொன்னவற்றைப் பல விளையாட்டுக்கள் ஓரளவு சாதித்துவிட்டன. பெரும்பாலானவை கைவிடும் விஷயம் ஒன்று உண்டு. அது பிரேக்கின் சூடு. நம் திருமலைப் பாதையில் உயிருக்கு உலை வைப்பதும் அதுவே. ஐந்து பேரும் சாமான்களுமாக 1,400 கிலோ எடையுள்ள கார் 700 மீட்டர் உயரம் இறங்கினால், அது விடுக்கும் சக்தி ஏறத்தாழ 96 லட்சம் ஜூல். இந்தச் சக்தி இரண்டு குடம் தண்ணீரை, அதாவது சுமார் 32 லிட்டரை, கொதிக்க வைக்கப் போதுமானது. காற்றும் டயரின் உருள்தடையும் மூன்றில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளலாம். மிச்சத்தை எங்கே போக்குவது? காலை எடுக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்குபவன், ஒன்றேகால் குடத்துக்கு மேல் கொதிக்க வைக்கும் சூட்டை நான்கு சிறிய இரும்புத் தட்டுகளிலும் பட்டைகளிலும் ஏற்றுகிறான். பட்டை தீய்ந்து வழுவழுப்பாகிறது. பிரேக் எண்ணெய் பழையதாயிருந்து ஈரம் ஏறியிருந்தால், அது கொதித்து ஆவியாகிறது. எண்ணெய் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் தரை வரை போகிறது, வண்டி நிற்பதில்லை.

‘ஏறுகிற கியரிலேயே இறங்கு’ என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான். இரண்டாவது கியரில் இறங்கினால், சக்கரம் என்ஜினைச் சுழற்ற வேண்டியிருப்பதால் சக்தியின் பெரும்பகுதி என்ஜினில் கழிந்துவிடும். பிரேக் வளைவுக்கு முன் மட்டும் தொட்டால் போதும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவோர் இந்த இலவச உதவியை வீசியெறிகின்றனர்.

பந்தய விளையாட்டுக்கு இது தேவைப்படவில்லை; ஒரு சுற்று இரண்டு நிமிடத்தில் முடிகிறது. ஜெர்மனியில் பிரேமன் நகரத்தார் ஆக்கிய ‘பீம் என்ஜி’ போன்ற சிலவற்றில் பிரேக் சூடேறி வலுவிழப்பதையும் காணலாம். ஆனால் நம் நாட்டில் பிள்ளைகள் கைப்பேசியில் ஆடுபவற்றில் அதைக் காண்பது அரிது. இந்தோனேசியாவில் 2017-இல் தோன்றிய பேருந்து விளையாட்டு ஒன்று தென்னாட்டு இளைஞரிடையே பெரிதும் பரவியிருக்கிறது. நம் அரசுப் பேருந்துகளின் வர்ணம், ஊர்ப் பலகை, ஏன், ஹாரன் ஒலியைக்கூட அவர்கள் அதில் ஏற்றிவிட்டனர். அந்த உழைப்பு மெச்சத்தக்கது. வெளியூரிலிருந்து அந்த ஹாரனைக் கேட்பவர்க்கு மனம் இளகத்தான் செய்யும். ஆனால் வர்ணத்தை மாற்றுவது எளிது. டயரையும் பிரேக்கையும் மாற்றுவது அத்தனை எளிதன்று. உருவம் நம் பேருந்து, உயிர் அதனதன்று.

இது பிள்ளை விளையாட்டோடு நின்றுவிடும் விஷயமாயின் இவ்வளவு நீட்டி முழக்கியிருக்க மாட்டோம். 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசு விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி நிலையங்களில் சிமுலேட்டர் என்னும் பாவனைப் பொறியும், தனித் தேர்வுப் பாதையும் இருக்க வேண்டும். இலகு வண்டிக்குரிய பயிற்சி நான்கு வாரங்களுக்குள் 29 மணி நேரம். அங்கே தேறியவர்க்கு லைசென்ஸ் அலுவலகத்தில் தனியே ஓட்டிக் காட்டும் பரீட்சையிலிருந்து விலக்கும் உண்டு. ஆக, அந்தப் பொறி கற்பிப்பது நேரே சாலைக்கு வருகிறது. பிரேக் சூடேறாத பொறியில் பழகியவர், சித்தூருக்கும் பலமநேருக்கும் இடையே மொகிலிக் கணவாயில் சரக்கு லாரிகளின் நடுவே இறங்க நேரும்போது அவர் காலுக்கு என்ன தெரியும்? 2024 செப்டம்பரில் அக்கணவாயில் பேருந்தும் லாரியும் மோதிப் பலர் மாண்டதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்விபத்தின் காரணத்தை ஆராய்வது நம் வேலையன்று. இறக்கச் சாலை எத்தகையது என்பதற்காகவே அதைச் சொன்னோம்.

பயிற்சி நிலையத்தில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் அங்குள்ள பொறியைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. வளைவின் நடுவில் பிரேக்கை முழுதும் அழுத்தச் சொல்லுங்கள். வண்டி அப்போதும் சாதுவாகத் திரும்பினால் அந்த ஒரு ரூபாய்க் கணக்கு அதில் இல்லை. சரிவில் நியூட்ரலில் ஒரு தரமும் இரண்டாவது கியரில் ஒரு தரமும் உருள விடச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாயிருந்தால் அதில் என்ஜினே இல்லை. நீண்ட சரிவில் பத்து நிமிடம் பிரேக் மீதே கால் வைத்து இறங்கச் சொல்லுங்கள். பெடல் முதலில் இருந்தது போலவே கடைசி வரை இருக்குமாயின், ஸ்டியரிங் பிடிக்கவும் கியர் மாற்றவும் அப்பொறி போதும், மலைக்குப் போதாது.

திருமலைப் பழைய பாதையை உள்ளது உள்ளபடி திரைக்குக் கொண்டுவர விரும்பும் இளைஞர் யாரேனும் இதைப் படிக்கக் கூடும். 36 வளைவுகளின் ஆரத்தையும், சாலை எப்பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதையும் அளந்துகொள்ளட்டும். மரமும் கோபுரமும் பிறகு வரையலாம். மழைநாளுக்கு வேறு பிடிப்பு எண், மூட்டை முடிச்சுக்கு வேறு கனம், ஒவ்வொரு பிரேக் தட்டுக்கும் தனித்தனிச் சூட்டுக் கணக்கு வைக்கட்டும். ஆட்டத்தின் விதியை அவர் யோசிக்க வேண்டியதே இல்லை; தேவஸ்தானமே செய்து வைத்துவிட்டது. மேலே புறப்படும்போது நேரம் குறித்த சீட்டு ஒன்று. கீழே அலிபிரியில் அதைப் பார்க்க ஓர் ஆள். 40 நிமிடத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தவன் தோற்றவன்.